டேர்போ கார்களின் பெற்றோல் பம்புக்குச் செக் வால்வு போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இன்ஜெக்ஷன் கார் ஒன்று காலையில் முதல் தரமே ஸ்டார்ட் ஆவதற்குப் பற்றரி மட்டும் காரணமல்ல. முதல்நாள் இரவு இன்ஜினை நிறுத்தியபோது பெற்றோல் லைனில் இருந்த அமுக்கம் விடியும்வரை ஓரளவுக்காவது நிற்க வேண்டும். அதைப் பிடித்து வைத்திருப்பது பம்பின் வெளிவாயில் இருக்கும் விரல்நுனி அளவான, ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் ஒரு செக் வால்வு. கம்பனிப் பம்பைக் கழற்றிவிட்டுப் பெரிய பம்ப் போடும்போது, பல நேரம் இந்த வால்வும் அதோடு போய்விடுகிறது. பிறகு ஸ்டார்ட்டரை நீளமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. சூட்டில் நிறுத்தி எடுத்தால் இன்ஜின் இருமுகிறது. இரண்டு பம்ப் போட்ட கார் என்றால், டேர்போ காற்றை அமுக்கித் தரும்போது, அதாவது பூஸ்ட் வரும்போது, பெற்றோல் போதாமல் போகிறது.

திருகோணமலையில் லான்சர் எவலூஷன், இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், ஸ்டார்லெட் கிளான்ஸா வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாங்களே ஸ்பனர் பிடிப்பவர்களுக்கும், கராஜில் விட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கும் இது உதவும். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றைத்தான். வால்வு போடுவது சின்ன வேலை. அது தேவைதானா என்று உறுதி செய்வதும், போட்ட பிறகு அது பெற்றோலை நெரிக்கவில்லை என்று அளந்து பார்ப்பதும்தான் பெரிய வேலை. அந்த இரண்டையும் விட்டுவிட்டு வால்வை மட்டும் போட்டால் இன்ஜினுக்கே ஆபத்து வரலாம்.

வால்வு என்ன செய்கிறது

கிணற்று மோட்டரின் புட் வால்வைத் தெரியாதவர் நம் ஊரில் இல்லை. அது ஒழுகினால் விடிய எழும்பி மோட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காரின் செக் வால்வும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. புட் வால்வு மோட்டர் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும். காரில் செக் வால்வு ஒருபோதும் உறிஞ்சும் பக்கத்தில் வரக்கூடாது. பெற்றோல் பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் பலவீனமானது. உள்வாயில் தடை வைத்தால், அதுவும் பெற்றோல் சூடாக இருக்கும்போது, அங்கேயே ஆவிக்குமிழி உருவாகி பம்ப் அலறும். கொஞ்சக் காலத்தில் தேய்ந்தும் போகும்.

முதல் வேலை, இன்ஜின் நின்ற பிறகு அமுக்கத்தைப் பிடித்து வைப்பது. கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் இதன் அருமை தெரியும். கந்தளாய்ப் பக்கமிருந்து விரட்டி வந்து, கோட்டைக்குள் மெதுவாக ஏறி, கோணேசர் கோவிலடியில் காரை நிறுத்துகிறீர்கள். இன்ஜின் நின்றதும் கூலிங்கும் காற்றோட்டமும் நின்றுவிடும். ஆனால் டேர்போவின் சூடு பொனட்டுக்குள்தான் இருக்கும். பெற்றோலின் மெல்லிய கூறுகள் சாதாரண வளியமுக்கத்தில் சுமார் 35 முதல் 40 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலின் சூடு அதைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். லைனில் 2, 3 பார் அமுக்கம் நின்றால் பெற்றோல் திரவமாகவே இருக்கும். அமுக்கம் இறங்கிவிட்டால் ரெயிலுக்குள் ஆவி நிறையும். அரை மணித்தியாலம் கழித்து வந்து திறப்பைத் திருகினால் இன்ஜெக்டர் தெளிப்பது முக்கால்வாசி ஆவியைத்தான்.

இரண்டாவது வேலை, எதிர்ப்பக்கமாகப் பெற்றோல் ஓடாமல் தடுப்பது. இது இரண்டு பம்ப் உள்ள கார்களுக்கு உயிர்நாடி. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பல பம்புகளுக்குள் ரிலீஃப் வால்வு என்று இன்னொன்று இருக்கிறது. லைன் அடைபட்டு அமுக்கம் எல்லை மீறினால் திறந்து, பெற்றோலைத் தாங்கிக்குள்ளேயே விடுவது அது. செக் வால்வு வேறு, அது வேறு. "உள்ளே வால்வு இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால், எந்த வால்வு என்று கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் சோதியுங்கள்

நீளமாக ஸ்டார்ட்டர் சுற்றுகிறது என்றவுடன் வால்வு வாங்க ஓடாதீர்கள். முதலில் ஒரு சுலபமான சோதனை. காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை ஓன் வரை மட்டும் திருகுங்கள். பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கும். திறப்பை மூடி மறுபடி ஓன் பண்ணுங்கள். இப்படி இரண்டு மூன்று தரம் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே பிடித்தால், இரவில் அமுக்கம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். அப்படியும் நீளமாகவே சுற்றினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பிளக், சென்சர், பற்றரி என்று தேடுங்கள்.

அமுக்கம் இறங்குகிறது என்று தெரிந்தால், எந்த வழியாக இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. வழிகள் நான்கு: பம்ப் செக் வால்வு, அமுக்கத்தைக் கட்டுப்படுத்தி மிச்சப் பெற்றோலைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும் ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர், தாங்கிக்குள் இருக்கும் ஹோஸ். இதைப் பிரித்தறிய ரெயிலுக்கு முன்னால் ஒரு அமுக்கமானி வேண்டும். 0 முதல் 7 பார் வரை காட்டினால் போதும்.

திறப்பை ஓன் பண்ணி அமுக்கத்தை ஏற்றுங்கள். பம்ப் நின்றதும் ஊசியைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நின்றால் நல்லது. கண் முன்னாலேயே பூச்சியத்துக்கு விழுந்தால், மறுபடி ஏற்றி, பம்ப் நின்ற கையோடு தாங்கிக்குத் திரும்பும் லைனின் ரப்பர்ப் பகுதியை ஹோஸ் கிளாம்ப் போட்டு நெரியுங்கள். ஊசி அப்படியே நின்றால் ரெகுலேட்டர்தான் விடுகிறது. விழுந்துகொண்டே இருந்தால், மறுபடி ஏற்றி, இந்தத் தரம் பம்பிலிருந்து வரும் லைனை நெரியுங்கள். இப்போது ஊசி நின்றால் கோளாறு பம்ப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு லைனையும் சேர்த்து நெரித்தும் விழுந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

நெரிக்கும்போது இரண்டு கவனம். திரும்பும் லைன் நெரிபட்டிருக்கையில் பம்பை ஓட விடாதீர்கள், அமுக்கம் எங்கேயோ போய்விடும். அடுத்தது, கம்பிப்பின்னல் ஹோஸையோ டெஃப்லோன் உள்ளுறை ஹோஸையோ நெரிக்கக் கூடாது. உள்ளே மடிந்து பழுதாகிவிடும். சாதாரண ரப்பர் ஹோஸை மட்டும்தான் நெரிக்கலாம்.

ரெகுலேட்டர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பந்தயத்துக்கென்று வரும், திருகி அமுக்கம் மாற்றும் ரெகுலேட்டர்கள் பலவும் இன்ஜின் நின்ற பிறகு அமுக்கத்தைப் பிடித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. ஓடும்போது சரியாக வேலை செய்யும், நின்றதும் மெதுவாக விட்டுவிடும். அப்படிப்பட்ட ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு பம்ப் பக்கத்தில் எத்தனை செக் வால்வு போட்டாலும் பயனில்லை. அமுக்கம் மற்றக் கதவால் போய்விடும். அந்தக் காருக்கு, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பம்ப் ஓடும் நேரத்தை இன்ஜினின் கணினியான இசியூவில் ஒன்றிரண்டு விநாடி கூட்டி வைப்பதுதான் மலிவான மருந்து.

நான்காவது வழியான தாங்கிக்குள் இருக்கும் ஹோஸைத்தான் அதிகம் சந்தேகப்படச் சொல்வேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. நம்மிடம் இருக்கும் பழைய ஜப்பான் கார்கள் அதனால் இன்னும் கிழடாகிவிட்டன. பம்ப் புதிதாக இருக்கும், பம்பையும் அதைத் தாங்கிக்குள் பிடித்திருக்கும் சட்டமான ஹாங்கரையும் இணைக்கும் ஒரு சாண் ஹோஸ் பழசாகவே இருக்கும். கிளாஸ் போட்டுப் பார்த்தால் கிளிப்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கையால் வளைத்தால் அது வாய் திறக்கிறது. பம்ப் ஓடும்போது பெற்றோல் அதனூடாகப் பீச்சியடித்துத் தாங்கிக்குள்ளேயே விழும். வெளியே ஒரு துளி மணமும் வராது. செக் வால்வு கெட்டால் வருகிற அத்தனை அறிகுறியும் இதிலும் வரும், கூடவே பூஸ்டில் அமுக்கமும் குறையும். புதிய வால்வு போட்டாலும் இது தீராது.

எந்த வால்வு

வால்வு இல்லாத பம்புக்கு வெளியே வால்வு தேடுவதைவிட, உள்ளேயே வால்வு இருக்கும் பம்பை வாங்குவதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும். மணிக்கு 255 லீற்றர் தள்ளும் ரகத்தில் இது சுலபம். 450 லீற்றரும் அதற்கு மேலும் உள்ள பெரிய பம்புகளில் வால்வு உள்ளதும் இல்லாததும் இரண்டும் விற்பனைக்கு வருகின்றன. பெட்டியில் இருக்கும் பாக எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். வல்புரோ பெயரில் போலிப் பம்புகள் உலகம் முழுக்க ஓடுகின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பாகக் கடைகளில் சொல்லி பஸ்ஸில் பார்சல் போட்டு எடுப்பவர்கள், பம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பொஷ் 044 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தப் பம்பின் வெளிவாயில் எம்12 × 1.5 மரையில் திருகியிருக்கும் துண்டுதான் செக் வால்வு. ஏஎன்-6 என்ற அளவு மூட்டுள்ள ஹோஸ் பூட்டுவதற்காக அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் அடாப்டரைத் திருகிவிடுகிறார்கள். வால்வு அத்தோடு போயிற்று. செக் வால்வோடு சேர்ந்து வரும் எம்12 – ஏஎன்-6 அடாப்டரும் கிடைக்கிறது. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அடியில் போடும் வாஷரையும் புதிதாகப் போடுங்கள்.

வெளியே தனி வால்வு போடுவதுதான் முடிவென்றால் நான்கு விஷயம் பாருங்கள்.

முதலாவது, திறக்கும் அமுக்கம். பெற்றோலுக்கென்று வரும் வால்வுகள் பொதுவாக 0.07 முதல் 0.2 பாருக்குள் திறந்துவிடும். ஹைட்ரோலிக் கடைகளில் கிடைக்கும் வால்வுகள் பார்க்க அச்சொட்டாக இதே மாதிரி இருக்கும். அவற்றில் சில 4 பாருக்கு மேல் போனால்தான் திறக்கும். அதைப் போட்டால் பம்ப் செத்துவிடும். ஹாட்வெயாரில் தண்ணீர் லைனுக்கு விற்கும் பித்தளை வால்வும் வேண்டாம். அதன் ரப்பர் பெற்றோலுக்கு ஏற்றதல்ல.

இரண்டாவது, சீல். வைட்டன் என்று எழுதியிருக்க வேண்டும். நைட்ரைல் சாதாரண பெற்றோலுக்குத் தாங்கும், எதனோல் கலந்தால் ஊதிப்போகும். ஈபிடிஎம் பெற்றோலுக்கு ஆகவே ஆகாது.

மூன்றாவது, உலோகம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் கார் என்றால் உப்புக் காற்று அடிப்பாகத்தைத் தின்றுவிடும். அனொடைஸ் பண்ணிய அலுமினியம் நல்லதுதான், ஆனால் அதை இரும்புக் கிளாம்பால் இறுக்கினால் கீறல் விழுந்த இடத்தில் வெள்ளையாகப் பொரியத் தொடங்கும். கிளாம்புக்கு உள்ளே ரப்பர் உறை கட்டாயம். காசு இடம் கொடுத்தால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

நான்காவதுதான் பெரியது: உள்துவாரத்தின் அளவு. வாயில் ஏஎன்-6 மரை இருப்பதால் உள்ளேயும் அவ்வளவு வழி இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. பந்தையோ மூடியையோ சுற்றிப் பெற்றோல் போகும் இடைவெளி அதைவிடச் சிறிது. இத்தனை லீற்றர் ஓடும்போது இத்தனை அமுக்கம் இழக்கும் என்ற விவரத்தைக் கேளுங்கள். அது இல்லாத வால்வை நான் வாங்கமாட்டேன். 255 லீற்றர் பம்ப் ஒன்றுக்கு நல்ல ஏஎன்-6 வால்வு போதும். 450க்கு மேல் ஏஎன்-8 பக்கம் போங்கள். அதற்காக அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகவும் வேண்டாம். ஓட்டம் போதாமல் வால்வு அரைகுறையாகத் திறந்து நின்று தடதடக்கும், அந்தச் சத்தம் சீட்டுக்கு அடியில் கேட்கும்.

இதில் ஒரு கணக்கு. டேர்போ பெற்றோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 270 கிராம் பெற்றோல் என்று வைப்பது வழக்கம். 400 குதிரைவலு என்றால் 108 கிலோ, அதாவது 146 லீற்றர். அப்படியென்றால் 150 லீற்றர் வால்வு போதுமா? போதாது. ரிட்டேர்ன் லைன் உள்ள காரில் பம்ப் தள்ளும் பெற்றோல் முழுவதும் வால்வைத் தாண்டித்தான் போகிறது. இன்ஜின் குடித்தது போக மிச்சம்தான் தாங்கிக்குத் திரும்புகிறது. வால்வின் அளவை இன்ஜினின் குதிரைவலுவை வைத்தல்ல, பம்பின் லீற்றரை வைத்துத் தீர்மானியுங்கள்.

எங்கே போடுவது

பம்புக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, பில்ட்டருக்கு முன்னால். தாங்கிக்குள்ளேயே பம்புக்கும் ஹாங்கருக்கும் இடையில் இடம் இருந்தால் அதுதான் சிறந்தது. ஒழுகினாலும் தாங்கிக்குள்தான் விழும், உப்புக் காற்றும் தொடாது. இடம் இல்லாவிட்டால் தாங்கிக்கு வெளியே, அடிப்பாகத்தில், சைலன்சர் குழாயிலிருந்து விலக்கி, கல் அடிபடாத இடத்தில் போடுங்கள். பின் சீட்டுக்கு அடியில், கார் உட்பக்கமாக மூட்டுக்கள் வருவதை நான் விரும்புவதில்லை. சின்ன ஒழுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்தை ஆவியால் நிரப்பிவிடும்.

ரிட்டேர்ன் இல்லாத கார்களில் ரெகுலேட்டர் தாங்கிக்குள்ளேயே இருக்கும். அங்கே வால்வு பம்புக்கும் ரெகுலேட்டர் பிரியும் இடத்துக்கும் நடுவில் வர வேண்டும். ரெகுலேட்டரைத் தாண்டிப் போட்டால், வால்வுக்கும் இன்ஜெக்டருக்கும் இடையில் பெற்றோல் சிறைபட்டுவிடும். இன்ஜின் சூட்டில் அது விரிந்து அமுக்கம் ஏற, இறக்கிவிட வழி இருக்காது.

தாங்கிக்குத் திரும்பும் லைனில் செக் வால்வு போடாதீர்கள். எவலூஷன், இம்ப்ரெசா போன்ற நான்குசக்கர இழுவைக் கார்களில் தாங்கி இரண்டு பள்ளமாக இருக்கும். ஒரு பக்கப் பெற்றோலை மற்றப் பக்கத்துக்கு இழுத்துக் கொடுக்கும் ஜெட் பம்ப் திரும்பி வரும் பெற்றோலின் வேகத்தில்தான் இயங்குகிறது. அங்கே தடை வைத்தால், தாங்கியில் பெற்றோல் இருக்கும்போதே கார் நின்றுவிடும்.

வேலைக்கு முன்

தாங்கியைக் காற்பங்குக்குக் கீழே வரும்வரை ஓடி முடியுங்கள். வேலை வெளியிலோ நன்றாகக் காற்றோடும் கொட்டகையிலோ நடக்க வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். அது கிரீஸ் குழிக்குள் இறங்கித் தேங்கும். குழிக்கு மேலே காரை நிறுத்தி இந்த வேலை செய்யவே கூடாது. ட்ரை பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கம்பி பல்பு விளக்கு, கிரைண்டர், பக்கத்தில் வெல்டிங், சிகரெட் எதுவும் ஆகாது. தலையில் மாட்டும் சின்ன எல்ஈடி விளக்கை வேலைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், ஆவிக்கு நடுவில் சுவிட்சைத் தட்டாதீர்கள்.

சாமான்களில் ஹோஸைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். வெளியே போடுவதற்கு ஜே30ஆர்9. தாங்கிக்குள் மூழ்கி இருப்பதற்கு ஜே30ஆர்10. ஆர்9 ஹோஸ் உள்பக்கத்தால் பெற்றோலைத் தாங்கும், வெளிப்பக்கத்தால் தாங்காது. தாங்கிக்குள் போட்டால் கொஞ்ச நாளில் ஊறிக் கிழிந்து பில்ட்டரை அடைக்கும். ஆர்7 என்று இருப்பது காப்ரேட்டர் கார்களுக்கான குறைந்த அமுக்க ஹோஸ், அதை எங்கேயும் போடக் கூடாது. கிளிப் ஓரம் மடிந்த, துளையில்லாத இன்ஜெக்ஷன் கிளிப்பாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும், வெட்டுத்துளை உள்ள கிளிப் ஹோஸை அறுக்கும். பம்பின் வலைப் பையையும் கையோடு மாற்றுங்கள். 2022 தட்டுப்பாட்டு நேரம், சீனன்குடாவில் அவ்வளவு எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் ஊரில், பெற்றோல் செட்டில் வரிசையில் நின்று பிளாஸ்டிக் கான்களில் சேர்த்த பெற்றோலைத்தான் பலரும் ஊற்றினோம். அதோடு வந்த தூசும் தண்ணீரும் இன்னும் பல தாங்கிகளின் அடியில் கிடக்கிறது. ஒரு மணல்துகள் வால்வின் இருக்கையில் ஒட்டினால் போதும், வால்வு போட்டும் போடாததுபோலத்தான்.

போடும் முறை

1. பெற்றோல் மூடியைத் திறந்து தாங்கியின் ஆவியை விடுங்கள். பம்பின் பியூஸையோ ரிலேயையோ கழற்றி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். இன்னும் இரண்டு விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இதன் பிறகு பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள்.

2. பின் சீட்டைத் தூக்கி, ஹாங்கரின் மூடியைச் சுற்றி உள்ள மண்ணை பிரஷால் தட்டி, துணியால் துடைத்த பிறகே திறவுங்கள். திறந்ததும் அந்த மண் தாங்கிக்குள்தான் விழும்.

3. முதல் மூட்டைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு தளர்த்துங்கள். அமுக்கம் இறங்கியிருந்தாலும் கொஞ்சம் பீறும். கண்ணாடியும் பெற்றோல் தாங்கும் கையுறையும் போட்டிருங்கள்.

4. வால்வைப் பூட்டுமுன் சோதியுங்கள். புதிய, காய்ந்த வால்வை அம்புக்குறியின் பக்கமாக ஊதினால் காற்றுப் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. பிறகு வால்வின் வெளிவாயில் ஒரு தெளிந்த குழாயைப் பூட்டி, நிமிர்த்திப் பிடித்து, பெற்றோல் நிரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். கார் அடியில் படுத்துக் கிடக்கும்போது முன் பின் மாறிப்போவது நடக்கிற காரியம். பூட்டுமுன் மேலேயே மார்க்கரால் இன்ஜின் பக்கம் கோடு போட்டுவிடுங்கள். ஸ்பிரிங் உள்ள வால்வை எந்தக் கோணத்திலும் போடலாம். ஸ்பிரிங் இல்லாதது நிமிர்ந்துதான் நிற்க வேண்டும்.

6. ஏஎன் மூட்டுக்களில் டெஃப்லோன் டேப் சுற்றாதீர்கள். அங்கே அடைப்பது 37 பாகைச் சரிவு, மரையல்ல. டேப்பின் நூல் பிய்ந்து நேராக வால்வின் இருக்கைக்குத்தான் போகும். கூம்பு மரை உள்ள மூட்டானால் பெற்றோலுக்கென்ற திரவ சீலண்டை, முதல் இரண்டு மரையை விட்டுத் தடவுங்கள். அலுமினியம் மென்மையானது, இரண்டு ஸ்பனர் பிடித்து இறுக்குங்கள். ஒன்றால் வால்வை அசையாமல் பிடித்து, மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும்.

7. வால்வைக் கிளாம்ப் போட்டு உடலில் நிறுத்துங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஹாங்கரின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு மூடுங்கள்.

8. பற்றரியைக் கொழுவி, பியூஸைப் போட்டு, திறப்பை ஓன் ஓஃப் என்று நான்கைந்து தரம் செய்து லைனை நிரப்புங்கள். ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த ரிசு பேப்பரால் தொட்டுப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியுமுன் பேப்பரில் தெரியும். எல்லாம் சரி என்றால் மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

இரண்டு பம்ப் உள்ள கார்கள்

ஒரு பம்ப் எப்போதும் ஓட, மற்றது பூஸ்ட் வந்ததும் அமுக்க சுவிட்சால் ஓடத் தொடங்கும் அமைப்பு நம்மிடம் அதிகம். இரண்டும் வை (Y) வடிவ மூட்டில் சேரும். இரண்டாவது பம்ப் நிற்கும்போது அதில் செக் வால்வு இல்லையென்றால், முதல் பம்ப் தள்ளும் பெற்றோல் நின்றிருக்கும் பம்ப் வழியாகப் பின்பக்கம் ஓடித் தாங்கிக்கே போய்விடும். சுலபமான வழி அதுதானே.

ஆகவே ஒவ்வொரு பம்புக்கும் ஒவ்வொரு வால்வு, வை மூட்டுக்கு முன்னால். மூட்டுக்குப் பின்னால் ஒரே வால்வைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அது இரவில் அமுக்கத்தைப் பிடிக்கும், பம்புக்குப் பம்ப் ஓடுவதைத் தடுக்காது.

சோதிப்பது சுலபம். இன்ஜின் சும்மா ஓடும்போது ஒரு பம்பின் பியூஸை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள். அமுக்கம் வழக்கமான அளவில் நிற்க வேண்டும். பிறகு இரண்டாவது பம்பை அமுக்க சுவிட்ச் இல்லாமலே ஓட வைத்து, மாற்றிச் செய்யுங்கள். ஒரு பம்ப் தனியாக ஓடும்போது அமுக்கம் விழுந்தால், நின்றிருக்கும் மற்றப் பம்பின் வால்வைத்தான் முதலில் பாருங்கள். இரண்டாவது பம்ப் மாதக்கணக்கில் ஓடாமலே கிடப்பதும் உண்டு. வாரம் ஒரு தரமாவது அதை ஓட வைத்தால் வால்வும் ஒட்டாது.

வயரிங் பற்றி ஒரு வரி: பெரிய பம்புக்குப் பழைய வயர் போதாது. பற்றரியிலிருந்து தடித்த வயர், ரிலே, பம்ப் தயாரிப்பாளர் சொன்ன அளவு பியூஸ் எல்லாம் போட்ட பிறகே வால்வைப் பற்றி முறைப்பாடு சொல்ல வேண்டும்.

நெரிக்கிறதா என்று அளப்பது

பெரும்பாலானோர் விட்டுவிடும் இடம் இது. வால்வு போட்டுவிட்டு இன்ஜினைச் சும்மா ஓட விட்டு, ரெயிலில் 3 பார் காட்டுகிறது என்று பொனட்டை மூடிவிடுகிறார்கள். அந்த 3 பார் எதையும் நிரூபிக்காது. ரெகுலேட்டரின் வேலையே மிச்சத்தைத் திருப்பி அனுப்பி 3 பாரைக் காட்டுவதுதான். மிச்சம் கொஞ்சமாக இருந்தாலும் நிறைய இருந்தாலும் மானியில் அதே எண்தான் தெரியும்.

பிரச்சினை பூஸ்டில்தான் வெளிவரும். அடிப்படை 3 பாரோடு பூஸ்ட் 1.4 பார் சேர்ந்தால் ரெயிலில் 4.4 பார் இருக்க வேண்டும். பம்ப் அதற்கு மேல் பில்ட்டர், ஹோஸ், வால்வு எல்லாவற்றின் தடையையும் தள்ள வேண்டும். வால்வு 0.5 பார் தின்றால் பம்ப் ஏறக்குறைய 5 பாரில் வேலை செய்வதற்குச் சமம். அமுக்கம் ஏற ஏற எந்தப் பம்பும் லீற்றர் குறைத்துத்தான் தரும். கலவை மெலிந்து, பிஸ்டன் உருகுவது அப்படித்தான்.

அளக்கும் முறை இது. வால்வு போடுவதற்கு முன் ஒரு தரமும் போட்ட பின் ஒரு தரமும் செய்யுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கட்டும், ஓடக் கூடாது. ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் லைனைக் கழற்றி, நீளமான ஹோஸ் பூட்டி, காரிலிருந்து தள்ளி வைத்த பெற்றோல் கானுக்குள் விடுங்கள். ரெகுலேட்டரின் வாக்கூம் முனையில் சைக்கிள் பம்பையும் மானியையும் பூட்டி 1.4 பார் ஏற்றுங்கள். பூஸ்டில் ஓடுவதாக ரெகுலேட்டர் நினைத்துக்கொள்ளும். ரிலேயைப் பாலம் போட்டு பம்பைச் சரியாகப் பதினைந்து விநாடி ஓட விடுங்கள். பாலம் போடும் இடம் கானிலிருந்து தூரமாக இருக்கட்டும். வந்த பெற்றோலை அளந்து 240ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை லீற்றர் என்று தெரியும். 1 லீற்றர் வந்தால் 240. 750 மில்லிலீற்றர் வந்தால் 180. இன்ஜின் ஓடாததால் மின்னழுத்தம் குறைவு, ஓடும்போது வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். இரண்டு அளவையும் ஒரே பற்றரி நிலையில் எடுத்தால் ஒப்பிட அது போதும்.

வால்வுக்குப் பின் அளவு ஐந்து விழுக்காட்டுக்குள் குறைந்தால் நான் விட்டுவிடுவேன். பத்தைத் தாண்டினால் அந்த வால்வு சிறிது, பெரியது போட வேண்டும். இன்ஜினுக்குத் தேவையான லீற்றரோடும் ஒப்பிடுங்கள். 400 குதிரைவலுவுக்கு 146 தேவை, 180 வருகிறது என்றால் இடைவெளி இருக்கிறது. 150தான் வருகிறது என்றால் பூஸ்டைக் குறையுங்கள் அல்லது பம்பை மாற்றுங்கள்.

கடைசியாக ரோட்டில் ஓடிப் பார்க்கும்போது ரெயில் அமுக்கத்தையும் பூஸ்டையும் பதிவு பண்ணுங்கள். பூஸ்ட் 1 பார் ஏறும்போது ரெயிலும் 1 பார் ஏற வேண்டும். ரெயில் ஓரிடத்தில் ஏறாமல் படுத்துவிட்டால் காலை உடனே எடுத்துவிடுங்கள்.

பிறகு

அன்று இரவே அமுக்கமானியைக் காரிலேயே விட்டு, படுக்கப் போகுமுன் ஊசி எங்கே நிற்கிறது, விடிய எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விடியும்போது கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு, பெற்றோல் குளிர்ந்து சுருங்கும். மத்தியான வெயிலில் ஓடி, அரை மணித்தியாலம் நிறுத்தி, மீண்டும் ஸ்டார்ட் பண்ணியும் பாருங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் போட்ட வால்வை அடுத்த கச்சானில் இன்னொரு தரம் இப்படிச் சோதிப்பது நல்லது.

ஒரு கிழமை கழித்து எல்லா மூட்டையும் பேப்பரால் தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். அதன் பிறகுதான் தாங்கியை நிரப்புங்கள். ஹாங்கர் மூடியின் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் காற்பங்குத் தாங்கியில் அது தெரியாது. கழுத்துவரை அடித்து, பின் சீட்டைத் தூக்கி வைத்தபடியே ஒரு வளைவான ரோட்டில் மெதுவாக ஓடிவிட்டு வந்து, மூடியைச் சுற்றிப் பேப்பரை வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் சீட்டைப் பூட்டலாம்.